தொழிலை கிளவுடுக்கு மாற்றுவது எப்படி: கணக்கெடுப்பு முதல் பழைய சர்வரை அணைக்கும் நாள் வரை

கிளவுடுக்கு, அதாவது சொந்த சர்வருக்குப் பதிலாக இன்டர்நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு, போகலாம் என்று முடிவானதுமே பெரும்பாலான இடங்களில் கிளம்பும் முதல் விவாதம் அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸா, மைக்ரோசாஃப்டின் அஸூரா, கூகுளா என்பதுதான். இதிலேயே இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. மூன்றிலும் சர்வர் கிடைக்கும், டேட்டாபேஸ் கிடைக்கும், பேக்கப் வசதி கிடைக்கும். ஒரு மாற்றம் நல்லபடியாக முடிவதும் பாதி வழியில் சிக்கிக்கொள்வதும் வேறு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. இப்போது நம்மிடம் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று நமக்கு முழுசாகத் தெரியுமா? மாற்றியபின் சரிவரவில்லை என்றால் பழைய இடத்துக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

படி 1: எதற்காகப் போகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

சர்வரின் வாரண்டி முடியப்போகிறது, சீசன் நேரத்தில் லோடு தாங்கவில்லை, ஒரே கட்டடத்தில் எல்லாம் இருக்கிறது என்ற பயம், இதெல்லாம் நல்ல காரணங்கள். "செலவு குறையும்" என்பது மட்டுமே காரணம் என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2008-ல் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்தபிறகு கிளவுடுக்குப் போக ஆரம்பித்தது, முழுசாகப் போய் முடித்தது 2016 ஜனவரியில். அவர்களுக்கு வேண்டியது விழுந்தாலும் எழுந்துகொள்ளும் அமைப்பு. கோப்புச் சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸ் அதற்கு நேரெதிராக, தன் தரவில் பெரும்பகுதியைக் கிளவுடிலிருந்து சொந்த சர்வர்களுக்குக் கொண்டுவந்து, இரண்டு வருஷத்தில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவைக் குறைத்தது. இரண்டு முடிவுமே சரிதான், ஏனென்றால் தேவை வேறு வேறு.

அந்தப் பக்கத்திலேயே இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முக்கியமான மென்பொருளும் அதிகபட்சம் எவ்வளவு நேரம் நின்றுபோகலாம், எவ்வளவு நேரத்துத் தரவு தொலைந்தால் தாங்க முடியும். தொழில்நுட்ப ஆட்கள் முதலாவதை ஆர்டிஓ, இரண்டாவதை ஆர்பிஓ என்பார்கள். இந்த எண்களைச் சொல்ல வேண்டியவர்கள் ஐடி துறையினர் இல்லை, அந்த மென்பொருளை வைத்து வேலை பார்ப்பவர்கள்தான். விற்பனைப் பிரிவு "ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது" என்று சொன்னால், 99.9 சதவீத நேரம் ஓடும் என்ற உறுதியே மாதத்துக்கு 43 நிமிஷம் நிற்க இடம் தருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் என்ன செலவாகும் என்பதையும் பக்கத்திலேயே வையுங்கள். பிறகு வருகிற பதில் உண்மையான பதிலாக இருக்கும்.

படி 2: கணக்கெடுப்பு

இந்த ஒரு படிக்கு மொத்தத் திட்ட நேரத்தில் கால்வாசி கொடுத்தாலும் தகும்.

சர்வர் பட்டியல் என்று ஒன்று எல்லா நிறுவனத்திலும் இருக்கும், அது எல்லா நிறுவனத்திலும் பழசாகவே இருக்கும். அதை நம்பாமல் புதிதாக எடுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் இயங்குதளத்தின் பதிப்பு, வாங்கிவைத்த மெமரி எவ்வளவு, உண்மையில் பயன்படுவது எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த மென்பொருள், யார் பொறுப்பு, லைசென்ஸ் எந்த மாதிரி, பாதுகாப்புச் சான்றிதழ் எப்போது காலாவதி என்று எழுதுங்கள். பிறகு, இதைவிட முக்கியமானது, எது எதோடு பேசுகிறது என்ற வரைபடம். ஒவ்வொரு சர்வரிலும் திறந்திருக்கும் இணைப்புகளைச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை பதிவுசெய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டால் போதும், ஆனால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாட்கள் அதற்குள் கட்டாயம் வர வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த ஒரு மாற்றத்தில் பட்டியலில் இருந்த 30-க்கும் மேற்பட்ட சர்வர்களையும் பிரச்சினை இல்லாமல் மாற்றிவிட்டோம், மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே ஓடியது. மாதக் கடைசியில் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போகவில்லை. தேடிப் பார்த்தால், கணக்குப் பிரிவில் ஒரு மேசைக்கு அடியில் "அணைக்காதீர்கள்" என்று காகிதம் ஒட்டிய பழைய டெஸ்க்டாப் ஒன்று, மாதம் ஒருமுறை பழைய சர்வரின் ஃபோல்டரிலிருந்து கோப்பை எடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஃபோல்டரின் ஐபி முகவரி அதன் ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதப்பட்டிருந்தது. அதை அமைத்தவர் வேலையை விட்டுப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. எங்கள் பட்டியலில் அந்த மெஷின் இல்லவே இல்லை, ஏனென்றால் அதை யாரும் சர்வர் என்று நினைக்கவில்லை.

அதனால் கருவிகள் சொல்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பிரிவிலும் போய் உட்கார்ந்து "மாதத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் செய்கிற வேலை என்னென்ன?" என்று கேளுங்கள். தானாக ஓடும் வேலைகள், கோப்புப் பகிர்வுகள், பிரிண்டர்கள், மின்னஞ்சல் அனுப்பும் ஸ்கிரிப்டுகள், வெளியாருக்குக் கொடுத்த விபிஎன் இணைப்புகள் (இன்டர்நெட் வழியாக நம் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான பாதைகள்), நம் ஐபியை மட்டும் அனுமதிக்கும் வெளி நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பேச்சில்தான் வெளியே வரும்.

படி 3: எதை என்ன செய்வது என்று பிரியுங்கள்

மென்பொருளைக் கிளவுடுக்கு மாற்றும் முறைகளை கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் 2010-ல் ஐந்து வழிகளாகப் பிரித்ததை ஏடபிள்யூஎஸ் பிறகு ஆறாக்கி ஏழாக்கியது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு மென்பொருளை அப்படியே தூக்கி வைக்கலாம், டேட்டாபேஸை மட்டும் கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் சேவைக்கு மாற்றுவதுபோலக் கொஞ்சம் திருத்தி வைக்கலாம், அதை விட்டுவிட்டு மாதச் சந்தாவில் கிடைக்கும் ரெடிமேட் சேவைக்குப் போகலாம், அடியிலிருந்து மாற்றி எழுதலாம், இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே விடலாம், இல்லை மூடிவிடலாம்.

நான் எப்போதும் கடைசியிலிருந்து ஆரம்பிப்பேன். கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்திருந்தால், யாரும் பயன்படுத்தாத மெஷின் சில நிச்சயம் அகப்படும், அவற்றை மாற்றவே வேண்டாம். உடனே அழிக்காமல் நெட்வொர்க்கிலிருந்து மட்டும் பிரித்துவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள், யாரும் கேட்கவில்லை என்றால் மூடலாம். மாற்றி எழுதும் வேலையை மட்டும் இடம் மாற்றும் வேலையோடு சேர்க்காதீர்கள். இடமும் மாறி நிரலும் மாறியபின் ஒரு தப்பு வந்தால், எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் விடிந்துவிடும். முதலில் வீடு மாறுவோம், அப்புறம் சுவருக்கு வண்ணம் அடிக்கலாம்.

படி 4: சேர்ந்து இருக்க வேண்டியவற்றைப் பிரிக்காதீர்கள்

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல் சில சிலவாக, அலைஅலையாக மாற்றும்போது, எந்த அலையில் எது என்று முடிவுசெய்ய அந்த இணைப்பு வரைபடம்தான் கைகொடுக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். மென்பொருளும் டேட்டாபேஸும் ஒரே அறையில் இருக்கும்போது ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மென்பொருளில் ஒரு திரை திறக்க டேட்டாபேஸை 400 முறை கேட்பது சாதாரணம். 0.2 விநாடியில் முடிந்துவிடுவதால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. மென்பொருளைக் கிளவுடுக்கு அனுப்பிவிட்டு டேட்டாபேஸை அலுவலகத்திலேயே வைத்து, நடுவில் 30 மில்லி விநாடித் தூரம் விழுந்தால், அதே திரை திறக்க 12 விநாடி. "கிளவுட் ஸ்லோவாக இருக்கிறது" என்ற புகாரில் பாதி இப்படித்தான் பிறக்கிறது. இன்டர்நெட் வேகத்தைக் கூட்டினாலும் இது தீராது, காரணம் இது அகலத்தின் பிரச்சினை இல்லை, தூரத்தின் பிரச்சினை. அதிகமாகப் பேசிக்கொள்ளும் இரண்டும் ஒரே இரவில் போக வேண்டும்.

படி 5: செலவைக் கணக்கிடும் விதம்

இப்போதுள்ள சர்வரின் அளவை அப்படியே கிளவுடில் தேடி விலை பார்த்தால் தொகை பயமுறுத்தும். அந்த சர்வரை வாங்கியபோது ஐந்து வருஷ வளர்ச்சியை நினைத்து வாங்கியிருப்பார்கள், உண்மையில் பத்து சதவீதம் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கலாம். படி 2-ல் எடுத்த உச்சப் பயன்பாட்டை வைத்து அளவு பாருங்கள். சோதனை சர்வர்கள் வாரத்தில் ஐந்து நாள், தினம் 12 மணி நேரம் ஓடினால் போதும் என்றால், 168 மணியில் 60 மணிக்குத்தான் பணம், 64 சதவீதம் மிச்சம். மெஷினை அணைத்தாலும் டிஸ்குக்கான வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

பட்ஜெட்டில் விட்டுப்போவது எப்போதும் மூன்று: கிளவுடிலிருந்து வெளியே போகும் தரவுக்கான கட்டணம், பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் மாதங்களின் இரட்டைச் செலவு, டேட்டாபேஸ் லைசென்ஸ். லைசென்ஸை மட்டும் வழக்கறிஞரோ விற்பனையாளரோ எழுத்தில் உறுதிசெய்த பிறகே நம்புங்கள். சொந்த மெஷினுக்கு வாங்கியது கிளவுடில் செல்லுமா, செல்லும் என்றால் எப்படி எண்ணுவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு.

படி 6: அடித்தளம்

முதல் சர்வர் போவதற்கு முன்னால் கணக்குகள், அனுமதிகள், நெட்வொர்க், பதிவுகள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். தலைமைக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, கடவுச்சொல்லைப் பத்திரப்படுத்திவிட்டு, தினசரி வேலைக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். உண்மையான வேலை ஓடும் சர்வர்களுக்கும் சோதனைக்கும் தனித்தனிக் கணக்கு. கிளவுட் நெட்வொர்க்குக்கு ஐபி வரிசை தேர்ந்தெடுக்கும்போது அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள வரிசையோடு மோதாமல் பாருங்கள். இரண்டு பக்கமும் 192.168.1.0 என்று இருந்தால் விபிஎன் போட்டபிறகு எது எங்கே என்று ரூட்டருக்கே தெரியாது, பிறகு மாற்றுவது பெரிய வேலை. எல்லாவற்றையும் டெராஃபார்ம் மாதிரி ஒரு கருவியில் நிரலாக எழுதி வைத்தால், தப்பானதை அழித்துவிட்டு அதே அமைப்பை மறுபடி எழுப்ப முடியும். திரும்பி வரும் வழியில் அதுவும் ஒரு பகுதி.

பாதுகாப்பில் யார் பொறுப்பு எதுவரை என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கட்டடம், மின்சாரம், வன்பொருள் கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. யாருக்கு என்ன அனுமதி, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எதற்கு பேக்கப் இருக்கிறது என்பதெல்லாம் நம் பொறுப்பு. 2019-ல் கேபிடல் ஒன் வங்கியில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் திருடுபோனபோது, தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் (வெளியாரைத் தடுக்கும் அரண்) வழியாக உள்ளே வந்தவருக்கு, தேவைக்கு மேல் அனுமதி பெற்ற ஒரு கணக்கு கிடைத்ததுதான் காரணம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்துபோனது, வேறு இடத்தில் பேக்கப் வைக்காத வாடிக்கையாளர்களின் தரவு அதோடு போனது. கிளவுடுக்குப் போனதாலேயே பேக்கப் வந்துவிடாது. அதை நாம்தான் அமைக்க வேண்டும், வேறு ஊரில் வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் தரவு எந்த நாட்டில் இருக்கலாம் என்ற சட்டமும் உங்கள் தொழிலுக்குப் பொருந்துமானால், ரீஜனை, அதாவது நம் சர்வர்கள் எந்தப் பகுதியில் இருக்கும் என்பதை, தேர்ந்தெடுக்கும் முன்பே பாருங்கள்.

படி 7: தரவை நகர்த்துவது

முதலில் கணக்கு. 10 டெராபைட் தரவு, 100 எம்பிபிஎஸ் லைன் என்றால், லைனை முழுசாக அதற்கே கொடுத்தாலும் ஒன்பது நாளுக்கு மேல். பகலில் மற்ற வேலைக்கும் அதே லைன் என்றால் இரண்டு வாரத்தைத் தாண்டும். அதற்குமேல் அளவு போனால், டிஸ்குகளில் ஏற்றி நேரில் அனுப்பும் சேவைகளைக் கேட்டுப் பாருங்கள்.

டேட்டாபேஸுக்கு நான் நம்புவது ஒரே முறை. முழு நகல் ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அதன்பின் பழையதில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் புதியதற்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருப்பது. பழையதிலிருந்து புதியதற்கு மாறும் கட்-ஓவர் இரவில் மிச்சமிருப்பது கடைசிச் சில விநாடிகளின் மாற்றம் மட்டும்தான்.

சரி, வந்து சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருப்பது போதாது. தொகை உள்ள ஒவ்வொரு பட்டியலிலும் மாதவாரியாகக் கூட்டி இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், எழுத்துகள் சிதையாமல் வந்திருக்கிறதா என்று ஆங்கிலம் அல்லாத பெயர்களைக் கண்ணால் பாருங்கள். நகர்த்தும் கருவிகள் தரவை மட்டும் நகர்த்திவிட்டு, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ், தரவு மாறும்போது தானாக ஓடும் டிரிகர், அடுத்த வரிசை எண் போன்றவற்றை விட்டுவிடுவது வழக்கம். அந்த அடுத்த எண் நகராமல் 1-லேயே நின்றால், காலையில் போடும் முதல் பில்லே "இந்த எண் ஏற்கெனவே உள்ளது" என்று நிற்கும். இன்னொன்று, நேரம். கிளவுட் சர்வர்கள் வழக்கமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். உங்கள் நேரம் யூடிசிக்கு முன்னால் இருந்தால், நள்ளிரவு தாண்டியதும் போடும் பில்லில் நேற்றைய தேதி விழும். பகல் முழுக்கச் சரியாகத் தெரிவதால் இது நாள்கணக்கில் கண்ணில் படாது.

படி 8: ஒத்திகை

சின்னதாக ஆனால் உண்மையாகப் பயன்படும் ஒரு மென்பொருளை முதலில் மாற்றுங்கள். அது முடிந்ததும், பெரிய மாற்றத்தை உண்மைத் தரவின் நகலோடு இரண்டு முறையாவது முழுசாக ஒத்திகை பாருங்கள், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிஷம் ஆனது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒத்திகையில் திரும்பி வருவதையும் செய்ய வேண்டும். அதைத் தவிர்த்தவர்கள் எல்லாம் நேரமில்லை என்றுதான் தவிர்த்தார்கள், அன்றைய இரவில் அவர்களுக்கு நேரம் அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு மாற்றியபோது, தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய தளம் உண்மையான கூட்டத்தைத் தாங்கவில்லை, நிலைமை சீராக அந்த வருஷ டிசம்பர் ஆனது, 2022-ல் 4.865 கோடி பவுண்டு அபராதம் கட்டினார்கள். அதனால் ஒத்திகையில் தரவோடு சேர்த்து லோடையும் சோதியுங்கள், உங்கள் பரபரப்பான திங்கள்கிழமைக் காலை எப்படி இருக்குமோ அந்த அளவுக்கு.

படி 9: கட்-ஓவர் இரவு

மூன்று நாள் முன்பே டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) பதிவின் டிடிஎல் மதிப்பை, அதாவது அந்த முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை, 86,400 விநாடியிலிருந்து 300-க்குக் குறைத்துவிடுங்கள். அன்றைக்கே குறைத்தால் பயனில்லை, பழைய மதிப்பை வாங்கி வைத்திருப்பவர்கள் ஒரு நாள் முழுக்க அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். சில பழைய மென்பொருள்கள் டிடிஎல்லைக் கண்டுகொள்வதே இல்லை, அவற்றுக்காகப் பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஒரு வாரமாவது இருக்கட்டும். மின்னஞ்சலையும் முன்பே சோதியுங்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் புதிய கணக்குகளில் 25-ஆம் போர்ட் வழியாக வெளியே அஞ்சல் அனுப்புவதைத் தடுத்து வைத்திருக்கும், 587-ஆம் போர்ட்டில், நம் அஞ்சலை வாங்கி அனுப்பிவைக்கும் ஒரு ரிலே சேவை வழியாகப் போக வேண்டியிருக்கும், நம் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவிலும் அதைச் சேர்க்க வேண்டும்.

அந்த இரவுக்கு ஒரு தாள் வேண்டும், மணி வாரியாக, யார் செய்வது என்ற பெயரோடு. பழையதைப் படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு மாற்றுவது, கடைசி மாற்றங்கள் வந்து சேரும்வரை காத்திருப்பது, ஒப்பிடுவது, டிஎன்எஸ் திருப்புவது, பயனாளர்களில் நான்கைந்து பேர் உள்ளே நுழைந்து உண்மையான வேலை ஒன்றைச் செய்து பார்ப்பது. அந்தத் தாளில் ஒரு கோடு போடுங்கள், "2.30 மணிக்குள் இதுவரை வரவில்லை என்றால் திரும்புகிறோம்" என்று. அதை முடிவுசெய்பவர் ஒருவர் மட்டும், அவர் கீபோர்டில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. சரிசெய்துகொண்டிருப்பவருக்கு இன்னும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றே எப்போதும் தோன்றும்.

திரும்பும் வழி எதுவரை திறந்திருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். புதிய டேட்டாபேஸில் வாடிக்கையாளரின் முதல் ஆர்டர் பதிவான நிமிஷத்திலிருந்து, சும்மா பழையதற்குத் திரும்பினால் அந்த ஆர்டர் காணாமல் போகும். அதனால் டிஎன்எஸ்ஸைப் புதியதற்குத் திருப்பிய உடனேயே எதிர்த்திசையில், புதியதிலிருந்து பழையதற்கு, மாற்றங்கள் போகும்படி அமைத்துவிடுங்கள். கூடுதல் வேலைதான், ஆனால் மூன்றாம் நாள் பெரிய பிரச்சினை வந்தாலும் தரவை இழக்காமல் திரும்பலாம்.

படி 10: அதற்குப் பிறகு

முதல் இரண்டு வாரம் குழுவுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எந்தப் பிரிவு, எந்த மென்பொருள் என்று டேக் போட்டு, பட்ஜெட் எச்சரிக்கை வைத்து, முதல் மாதம் பில்லைத் தினமும் பாருங்கள். ஒத்திகைக்கு எழுப்பி மறந்த மெஷின்கள், எதிலும் இணைக்கப்படாத டிஸ்குகள் எல்லாம் அதில் தெரியும். ஒரு மாதப் பயன்பாடு கையில் வந்ததும் அளவுகளைக் குறையுங்கள், அதன்பின்தான் ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று ஒப்பந்தம் போட்டுத் தள்ளுபடி வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பழைய சர்வர்களைக் குறைந்தது ஒரு மாதக் கடைசியும், முடிந்தால் ஒரு காலாண்டுக் கடைசியும் தாண்டும்வரை வைத்திருங்கள். அணைக்கும்போதும் ஒரேயடியாக வேண்டாம். முதலில் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிவிட்டு இரண்டு வாரம் விடுங்கள், யாராவது கூப்பிட்டால் திரும்பச் செருக அரை நிமிஷம் போதும். யாரும் கூப்பிடவில்லை என்றால் கடைசி நகல் ஒன்றை என்கிரிப்ட் செய்து தனியாக வைத்து, அதைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதிவைத்து, டிஸ்குகளை முறைப்படி அழித்து, பராமரிப்பு ஒப்பந்தத்தையும் பழைய லைனையும் ரத்துசெய்யுங்கள். அந்த மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு.